ஐசியூ வாசலில் எடுக்கும் முடிவு: குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீடு தேடிச் சென்று பார்க்கும் வலிநிவாரணக் குழு ஒன்றில் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். நான் டாக்டரும் அல்ல, வக்கீலும் அல்ல. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இரவு முழுவதும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் மனைவிமாரும் மருமகள்களும் எங்களிடம் கேட்கும் கேள்விகள் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை என்பதால், அவற்றுக்கு நாங்கள் சொல்லும் விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். குணமாகக்கூடிய நோய்களுக்கு இவை பொருந்தா. முற்றிய புற்றுநோய், அடுத்தடுத்து வந்த பக்கவாதம், ஓய்ந்துபோன இதயம் அல்லது நுரையீரல், கடைசிக் கட்ட மறதிநோய் போன்றவற்றில், மருத்துவத்தால் செய்யக்கூடியது குறைந்துகொண்டே வரும் நாட்களுக்கானவை இவை.

“இனி உங்கள் முடிவுதான்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களிடம் அவர் உண்மையில் என்ன கேட்கிறார்?

டியூட்டி டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, “பிபி இறங்கிக்கொண்டே போகிறது, அடுத்து வென்டிலேட்டர்தான், போடலாமா வேண்டாமா சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டு, பதினைந்து நிமிடத்தில் வருவதாகச் சொல்லி உள்ளே போய்விடுகிறார். குடும்பத்தின் காதில் விழுவதோ “உங்கள் அப்பா இருக்கட்டுமா, போகட்டுமா?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு எந்த மகனாலும் பதில் சொல்ல முடியாது, சொல்ல வேண்டிய கடமையும் அவனுக்கு இல்லை.

அங்கே இருப்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். செயற்கையாக மூச்சு தரும் இந்தக் கருவியைப் போட்டால் அவர் எந்த நிலைக்குத் திரும்பி வருவார், அதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பது முதல் கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் டாக்டர். அதைக் குடும்பத்தின் தலையில் இறக்கி வைக்க அவருக்கு உரிமை இல்லை என்பது என் கருத்து. படுத்திருப்பவர் ஐந்து நிமிடம் தெளிவாக எழுந்து உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டால் என்ன சொல்வார் என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் அவரோடு வாழ்ந்தவர்கள் மட்டுமே. நாற்பது வயது நர்ஸ் ஒருவர் எங்களிடம் சொன்னார்: “நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் அழுகிறார்கள்; அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டால் பேச ஆரம்பிக்கிறார்கள்.” பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாதம் குழாயோடு கிடந்ததைப் பார்த்துவிட்டு, இப்போது படுத்திருப்பவர் அன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னது, பேத்தியின் கல்யாணம் வரை எப்படியாவது இருந்துவிட வேண்டும் என்று போன மாதம் சொன்னது ஆகிய எல்லாமே இந்த இரண்டாவது கேள்விக்கான சாட்சியங்கள். அவை ஒன்றுக்கொன்று முரணாகவும் இருக்கலாம். இருந்தாலும் அவற்றை வைத்துத்தான் பேச வேண்டும், நம் பயத்தை வைத்து அல்ல.

ஒருமுறை வென்டிலேட்டர் போட்டுவிட்டால் பிறகு எடுக்கவே முடியாதா?

முடியும். தொடங்காமல் இருப்பதும், தொடங்கியதைப் பயனில்லை என்று தெரிந்தபின் நிறுத்துவதும் மருத்துவ அறத்தில் ஒன்றாகவே கருதப்படுகின்றன. இந்தியச் சட்டமும் இரண்டையும் ஒரே நடைமுறைக்குள் வைத்திருக்கிறது. “போட்டால் எடுக்க முடியாது” என்ற அச்சத்தாலேயே பிழைத்திருக்கக்கூடிய சிலருக்குக் கருவி போடாமல் விடப்படுவதும் நடக்கிறது.

எனவே மனம் ஊசலாடும்போது, காலவரம்பு வைத்துச் சிகிச்சையைத் தொடங்கும்படி கேளுங்கள். “மூன்று நாள் முழு முயற்சி செய்யுங்கள், சிறுநீர் வருகிறதா, பிபியை ஏற்றும் மருந்தின் அளவு குறைகிறதா, கண் திறந்து நம் பேச்சைக் கேட்கிறாரா என்பதை நான்காம் நாள் காலையில் உட்கார்ந்து பார்ப்போம்” என்று எந்த அறிகுறி, எந்த நாள் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துவிட்டால், பிறகு எடுக்கும் முடிவு திடீரென்று வந்து மோதாது. இப்படிப் பேசி வைக்காத குடும்பங்களில் வென்டிலேட்டர் பத்து நாள், இரண்டு வாரம் என்று நீளும்போது கழுத்தில் துளையிடும் டிரக்கியாஸ்டமிக்குக் கையெழுத்துக் கேட்கப்படுகிறது. அதற்கடுத்து டயாலிசிஸ் வருகிறது. ஒவ்வொன்றும் சிறிய சம்மதம்தான். மொத்தமாகச் சேர்ந்து எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்கள்.

மாரை அழுத்தி உயிர்ப்பிக்கும் சிபிஆர் பற்றித் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திடீர் மாரடைப்பில் விழுந்தவருக்கு அது உயிர் காக்கும் சிகிச்சை. உடலெங்கும் புற்று பரவிய எண்பது வயதுக்காரருக்கு அது பெரும்பாலும் விலா எலும்பு முறிவதில்தான் முடிகிறது. அதைச் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே பதிவு செய்வதற்கான வழிகாட்டுதலை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020இல் வெளியிட்டது. அந்தப் படிவம் சிபிஆரை மட்டுமே தடுக்கிறது. மற்ற சிகிச்சைகள் வழக்கம்போல் தொடரும்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா? நாளை போலீஸ் கேஸ் ஆகாதா?

இடம் கொடுக்கிறது. மும்பை கேஇஎம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அதே மருத்துவமனையில் ஊழியர் ஒருவரால் தாக்கப்பட்டு, மூளை சிதைந்த நிலையில் 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறக்கும்வரை சுமார் 42 ஆண்டுகள் அங்கேயே கிடந்தார். அவர் தொடர்பான வழக்கில் 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்று முதன்முறையாக வழி திறந்தது. காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு விதித்த நடைமுறை நடைமுறைக்கே ஒத்துவராத அளவுக்குச் சிக்கலாக இருந்ததால், 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றமே அதை எளிமையாக்கியது.

இப்போதைய நடைமுறை இதுதான். சிகிச்சை தரும் டாக்டரும், குறைந்தது ஐந்தாண்டு அனுபவம் உள்ள துறை வல்லுநர் இருவரும் அடங்கிய முதல் மருத்துவக் குழுவை மருத்துவமனை அமைக்க வேண்டும். அது கூடியவரை 48 மணி நேரத்துக்குள் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் ஒருவரும், முதல் குழுவில் இல்லாத வல்லுநர் இருவரும் அடங்கிய இரண்டாவது குழு அதை ஆராய வேண்டும். குடும்பத்தார் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். முடிவை நிறைவேற்றுவதற்கு முன் ஜுடிசியல் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். அவருடைய அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

காகிதத்தில் இப்படி இருந்தாலும், “எங்கள் மருத்துவமனையில் அப்படி ஒரு குழு இல்லை” என்ற பதில் உங்களுக்குக் கிடைக்கக்கூடும். அப்போது சண்டைக்குப் போகாமல், 2023 தீர்ப்பின்படி குழு அமைக்கக் கோரி மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லுக்கு அசையாத அலுவலகங்கள் காகிதத்துக்கு அசைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இது கருணைக் கொலைதானே?

இல்லை. ஊசி போட்டோ மருந்து கொடுத்தோ உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். தென்மாவட்டங்களில் சில இடங்களில் முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி இறக்கச் செய்யும் ‘தலைக்கூத்தல்’ பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். அது கொலை, பலநேரம் அந்த முதியவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதும் இல்லை. இங்கே நாம் பேசுவது, நோய் தன் போக்கில் முடிவதற்குக் குறுக்கே நிற்கும், பயன் தராத கருவியை விலக்கிக்கொண்டு, வலியையும் மூச்சுத்திணறலையும் போக்கும் சிகிச்சையைக் கடைசிவரை தொடர்வதைப் பற்றி.

மூக்குக் குழாய் வேண்டாம் என்றால் பட்டினி போட்டுக் கொல்வதாக ஆகாதா?

எல்லாக் கேள்விகளிலும் அதிகக் கண்ணீரோடு வருவது இதுதான். சோறு ஊட்டியே அன்பைக் காட்டிப் பழகிய வீடுகளில், “சாப்பிட்டாரா?” என்பதைத் தவிர வேறு நலம் விசாரிப்பே கிடையாது. ஆனால் உடல் மூடத் தொடங்கும் கடைசி நாட்களில் பசி அடங்கிவிடுகிறது. உணவைச் செரிக்கும் வேலையைக் குடல் கைவிடுகிறது. அப்போது ரைல்ஸ் டியூப் எனப்படும் அந்த மூக்குக் குழாய் வழியாக ஊற்றும் கஞ்சி வயிற்றை உப்ப வைக்கும், மேலேறி நுரையீரலுக்குள் போகும், சளியையும் வீக்கத்தையும் கூட்டும். சாப்பிடாததால் அவர் சாகவில்லை. சாவு நெருங்கிவிட்டதால் சாப்பிடவில்லை.

இது கடைசி நாட்களுக்குத்தான் பொருந்தும். பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் இருக்கும், ஆனால் தேறிவரக்கூடிய ஒருவருக்கு அதே குழாய் அவசியமான சிகிச்சை. டாக்டரிடம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கை சும்மா இருக்க முடியாதவர்களுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வாயின் உள்பக்கத்தையும் நாக்கையும் துடைத்துவிடலாம். வெடித்த உதட்டில் சிறிது வெண்ணெய் தடவலாம். கடைசியாகப் பால் ஊற்றும் வழக்கம் உள்ள வீடுகளில் சங்கையும் கரண்டியையும் எடுத்து வாய்க்குள் சரிக்காதீர்கள், புரையேறிவிடும். விரலில் தொட்டு உதட்டில் வைத்தால் போதும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் அவர் மூச்சுக்குத் தவிக்கிறார் என்று பதறி உறிஞ்சு குழாயைத் தேட வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையணையைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் குறையும். அந்தச் சத்தம் அவரைவிடக் கேட்கும் நம்மைத்தான் அதிகம் வதைக்கிறது.

மார்பின் கொடுத்தால் சீக்கிரம் இறந்துவிடுவார் என்கிறார்களே?

சரியான அளவில், படிப்படியாகக் கொடுக்கப்படும் மார்பின் என்ற வலிமருந்து உயிரைக் குறைப்பதில்லை. வலியைப் போலவே மூச்சுத்திணறலையும் அது தணிக்கிறது. முதல் சில நாட்கள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கும். மலச்சிக்கல் மட்டும் போகாது, ஆகவே மலமிளக்கி மருந்தையும் கூடவே எழுதித் தரச் சொல்லுங்கள். போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே தயங்கின. 2014இல் வந்த திருத்தம் அனுமதி முறையை எளிதாக்கியும் அந்தத் தயக்கம் முழுவதும் விலகவில்லை. எனவே ‘வலிக்கு ஏதாவது கொடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், மார்பின் மாத்திரை இங்கே கிடைக்குமா, இல்லாவிட்டால் எங்கே கிடைக்கும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

உள்ளதை அவரிடமே சொல்லலாமா? “அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்” என்று அம்மா தடுக்கிறார்.

பெரும்பாலும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவரும் அம்மாவுக்காக நடித்துக்கொண்டிருப்பார். நினைவு தெளிவாக உள்ள நோயாளிதான் சட்டப்படியும் அறப்படியும் முடிவெடுக்க வேண்டியவர். அவருக்குப் பிறகுதான் மற்றவர்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. “உடம்பு எப்படி இருப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது?” என்று கேட்டுவிட்டு, அவர் எவ்வளவு தூரம் வருகிறாரோ அவ்வளவு தூரம் மட்டும் கூடப் போனால் போதும்.

உடன்பிறந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம். யார் சொல்வது செல்லும்?

கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் என்று உறவு வரிசை இருந்தாலும், ஒருவர் கடுமையாக எதிர்க்கும்போது எந்த மருத்துவமனையும் கருவியை எடுக்கத் துணியாது. ஆகவே பேசித்தான் தீர வேண்டும். வெளிநாட்டில் இருந்து வரும் அண்ணன், விமான நிலையத்தில் இருந்து நேராக வந்து, “என்ன செலவானாலும் பரவாயில்லை, எல்லாம் செய்யுங்கள்” என்று சொல்லும் காட்சியை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர் கெட்டவர் அல்ல. எட்டு மாதங்களாக அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததை மற்றவர்கள் தினமும் பார்த்தார்கள், அவர் வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்த்தார். அவருக்கு இரண்டு நாள் கொடுங்கள். உள்ளே அழைத்துப்போய்ப் படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்றும் நேரத்தில் பக்கத்தில் நிற்க வையுங்கள். டாக்டரை எல்லோருக்கும் ஒன்றாக, ஒரே நேரத்தில் விளக்கச் சொல்லுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒரே வார்த்தைக்கு மூன்று அர்த்தம் முளைக்கும்.

இன்னொன்று, குளிப்பாட்டி, துடைத்து, மலம் எடுத்துப் பார்த்துக்கொண்டவரின் சொல்லுக்குக் கூடுதல் எடை கொடுங்கள். பல வீடுகளில் அது மருமகள் அல்லது வேலைக்கு வரும் பெண். குடும்பம் கூடிப் பேசும்போது அவர் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருப்பார். அருணா ஷான்பாக் வழக்கில், அவர் சார்பில் மனுத் தாக்கல் செய்த பத்திரிகையாளரைவிட, பல ஆண்டுகள் அவரைப் பராமரித்த கேஇஎம் ஊழியர்களையே அவருக்கு உற்றவர்களாக உச்ச நீதிமன்றம் ஏற்றது. அவர்கள் சிகிச்சையை நிறுத்தக் கூடாது என்றார்கள், நிறுத்தப்படவும் இல்லை.

செலவைப் பற்றிப் பேசுவது பாவமா?

பேசாமல் இருப்பதுதான் பின்னால் பகையாக முடிகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடம் இருந்தாலும், தனியார் ஐசியூவில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு நாள் கிடைக்கும் என்பதை முதல் நாளே காப்பீட்டு மேசையில் கேட்டறிய வேண்டும். நகையை அடகு வைப்பதற்கு முன், “இந்தப் பணத்தால் அவர் வீடு திரும்புவாரா?” என்று டாக்டரிடம் நேராகக் கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை. பிள்ளைகளின் படிப்புப் பணத்தைத் தன் கடைசி வாரத்துக்குச் செலவழிக்க எத்தனை தாத்தாக்கள் சம்மதிப்பார்கள்? பணமும் அவர் விருப்பத்தின் ஒரு பகுதிதான்.

கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?

“மருத்துவ ஆலோசனைக்கு மாறாக” என்ற படிவத்தில் கையெழுத்திட்டு, ஆம்புலன்ஸில் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வந்து, வீட்டுக் கூடத்தில் குழாயை உருவுவது இங்கே பரவலாக நடக்கிறது. இதில் குடும்பம் குற்றவாளிபோல் உணர்கிறது. நோயாளியோ வலிமருந்து ஏதுமின்றித் திணறுகிறார். வீட்டில் இறப்பது நல்ல விருப்பம்தான், ஆனால் ஏற்பாட்டோடு போக வேண்டும். டிஸ்சார்ஜ் சுருக்கம், மூச்சுத்திணறலுக்கும் வலிக்குமான மருந்துகள், இரவில் அழைக்கக்கூடிய ஒரு எண் ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டால் செவிலியர் வருவார். வீட்டில் இறந்தால் இறப்புக்கான காரணத்தை 4ஏ படிவத்தில் எழுதித் தர ஒரு டாக்டர் தேவைப்படுவார் என்பதால் அவரிடம் முன்பே பேசி வையுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

மூளைச்சாவு என்கிறார்கள், ஆனால் மார்பு ஏறி இறங்குகிறதே?

கோமா வேறு, மூளைச்சாவு வேறு. மூளைச்சாவு அடைந்தவர் சட்டப்படி இறந்தவர். வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுவதால் மார்பு அசைகிறது, இதயத்துக்குத் தானே துடிக்கும் ஆற்றல் இருப்பதால் அது இன்னும் சில மணி நேரமோ சில நாட்களோ ஓடுகிறது. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி நான்கு டாக்டர்கள் அடங்கிய குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே இதை அறிவிக்க வேண்டும். இரண்டாவது சோதனையின் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. உறுப்பு தானம் பற்றிய பேச்சு அதன் பிறகே வரும். 2008இல் விபத்தில் சிக்கிய ஹிதேந்திரனின் உறுப்புகளை டாக்டர்களான அவருடைய பெற்றோர் அளித்ததற்குப் பின்தான் இந்தப் பேச்சு தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தது. 2023 செப்டம்பர் முதல் உறுப்பு தந்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படுகிறது. வேண்டாம் என்று சொல்லவும் குடும்பத்துக்கு முழு உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலை நம் பிள்ளைகளுக்கு வராமல் இப்போதே எழுதி வைக்க முடியுமா?

முடியும். 18 வயது நிறைந்த, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் முன்கூட்டிய மருத்துவ உயிலை எழுதலாம். குணமாகாத நிலையில் தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதையும், தன்னால் பேச முடியாதபோது யார் பேச வேண்டும் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும்; ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயரையும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். 2018 தீர்ப்பு கேட்ட மாஜிஸ்திரேட் கையெழுத்து இப்போது தேவையில்லை. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம்.

என் அம்மா தன் எழுபத்தாறாவது வயதில் இதை எழுதினார். நான் தயாரித்துக் கொடுத்த இரண்டு பக்கத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு, பாதியை அடித்தார். “ஆளை அடையாளம் தெரிகிறவரை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அடையாளம் தெரியாமல் போய், டாக்டரும் தேறாது என்று சொல்லிவிட்டால் குழாய் எதுவும் வேண்டாம். சின்னவன் சொல்வதைக் கேளுங்கள், பெரியவன் அழுவான்” என்று தன் கையால் எழுதினார். பெரியவன் நான்தான். நோட்டரி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு முத்திரை குத்தினார். ஒரு பிரதி தம்பியிடமும், ஒரு பிரதி குடும்ப டாக்டரிடமும் இருக்கின்றன. மூலம் ரேஷன் கார்டு இருக்கும் அதே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது; அவசரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது யாரும் மறக்காமல் எடுப்பது அந்த உறையைத்தான் என்று அம்மாவே அங்கே வைத்தார்.